கோடு நிழலாகும் விதம்

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் யானை, ரெயில் என்ஜின், தலைமையாசிரியரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் அவர் கையால் உருவாகியிருக்கும். உயிரியல் ரெக்கார்டு நோட்டு கொடுக்கும் நாள் நெருங்கினால் வகுப்பே அவரைச் சூழ்ந்துகொள்ளும். தவளையின் இதயத்துக்கு ஒரு கடலை மிட்டாய், செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்துக்கு இரண்டு என்று கூலியும் நிர்ணயமாகிவிடும். ஆனால், "பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் அவர் விழிப்பார். 'படம் வரைவேன்' என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுவது. மற்றவர்களும் படிக்கலாம், இதில் பாதி இயற்பியல்தான்.

துவாக்குடியில் ஒரு கேள்வி

நான் துவாக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், திருவெறும்பூரைத் தாண்டியதும் வரும் ஊர் இது. பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை அருகில் வந்தபின், அதைச் சார்ந்து இங்கே பல பட்டறைகள் தோன்றின. இரும்புத் தகட்டை வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது ஆகியவை இப்பட்டறைகளின் வேலை. பெரும்பாலான பட்டறைகளுக்குச் சொந்தச் சரக்கு என்று எதுவும் கிடையாது. ஆர்டரும் டிராயிங்கும் வெளியிலிருந்து வரும். டிராயிங்கில் உள்ளபடி செய்து கொடுத்துவிட்டுப் பில் போடுவார்கள். இதற்கு இங்கே வழங்கும் பெயர் 'ஜாப் ஒர்க்'.

சில ஆண்டுகளுக்கு முன், என் இளநிலை வகுப்பில் அப்படி ஒரு சிறு பட்டறைக்காரரின் மகன் படித்தான். ஒளியியல் பாடத்துக்கு நான் தயாரித்த கையேட்டுக்குப் படங்கள் வரைந்து தருமாறு அவனிடம் கேட்டேன். இரண்டே நாளில் கொண்டுவந்தான். லென்சின் கண்ணாடிப் பளபளப்பைக் கூடக் கொண்டுவந்திருந்தான். ஆனால் குவிலென்சின் ஒளிமையம் வழியே நேராகச் செல்லவேண்டிய கதிர் வளைந்து சென்றது! "சார், அங்கே வளைச்சாத்தான் அழகா இருக்கு" என்றான். மூன்று முறை திருத்தி வரைந்தபின்தான் அழகும் சரியும் ஒரே படத்தில் சேர்ந்தன.

பட்டப்படிப்பு முடியும் சமயத்தில் அவனுடைய தந்தை என்னைப் பார்க்க வந்தார். "சார், படம் போட்டே பிழைச்சுக்குவேன்ங்கிறான். மாசச் சம்பளம் இல்லாத வேலை. நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற பையன் குறுக்கிட்டான்.

"நம்ம பட்டறைக்கு மட்டும் மாசச் சம்பளமா வருதுப்பா? ஆர்டர் வருது, செஞ்சு கொடுக்கறோம், பில் போடறோம். நானும் ஜாப் ஒர்க்தானே பண்ணப் போறேன்?"

தந்தை சிரிக்கவில்லை. "அதனாலதான்டா பயப்படறேன். எத்தனை பில் பாக்கி நிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

உள்ளதைச் சொல்வதானால், அன்று என் மனம் தந்தையின் பக்கமே இருந்தது. ஃப்ரீலான்ஸ் ஓவியர், அதாவது எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல் கேட்பவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுக்கும் சுயேச்சை ஓவியர், எப்படி வேலை செய்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னர் அவனிடமிருந்தும் புத்தகங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலில் இயற்பியல்.

அச்சு யந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது

உங்கள் வீட்டுப் பரணிலோ நூலகத்திலோ 1950-களில் வந்த தமிழ் வார இதழ் ஏதேனும் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். உட்பக்கப் படங்களில் பெரும்பாலானவை கோடுகளாலேயே ஆனவை. ஓவியர்களுக்கு நீர்வர்ணம் தெரியாமலா அப்படி? எல்லாம் தெரியும். தெரியாதது அச்சு யந்திரத்துக்குத்தான். அக்காலத்து யந்திரத்தில் மேடாக உள்ள உலோகப் பகுதி மையைத் தொடும். பள்ளமாக உள்ள பகுதி தொடாது. தொட்ட இடம் கறுப்பு, தொடாத இடம் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது.

ஓவியர் வரைந்த படத்தை 'பிளாக்' ஆக்கும் முறை இது: படத்தைப் புகைப்படமெடுத்து நெகட்டிவ் தயாரிப்பார்கள். துத்தநாகத் தகட்டின்மேல் ஒளிபட்டால் கெட்டிப்படும் பூச்சு ஒன்றைத் தடவி, நெகட்டிவின் வழியே வலுவான ஒளியைச் செலுத்துவார்கள். நெகட்டிவில் கோடுகள் தெளிவாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் இருக்குமல்லவா? எனவே கோடு உள்ள இடத்தில் மட்டும் பூச்சு கெட்டிப்படும். மற்றதைக் கழுவிவிட்டுத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். அமிலம் காப்பில்லாத இடங்களை அரித்துப் பள்ளமாக்கும். கோடுகள் மேடாக எஞ்சும். மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டினால் பிளாக் தயார்.

இந்த வழியில் பென்சிலின் மெல்லிய சாம்பல் நிழல் பிழைப்பதில்லை. ஒன்று மறைந்துபோகும், அல்லது கரும் திட்டாகிவிடும். ஆகையால் நிழலைக் கோட்டிலிருந்தே உண்டாக்க வேண்டியதாயிற்று. இங்கே ஓவியருக்குக் கைகொடுப்பது நம் கண்ணின் ஒரு குறைபாடு.

கண்ணின் குறை, ஓவியரின் வசதி

சாதாரணக் கண்ணால், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கான ஒரு நிமிடக் கோண அளவுள்ள விவரத்தைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு கறுப்புக் கோடும் அடுத்த வெள்ளை இடைவெளியும் சேர்ந்து கண்ணில் இரண்டு நிமிடக் கோணத்தை உண்டாக்கினால் அவை தனித்தனியே தெரியும். அதற்கும் சிறிதானால் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு நிமிடக் கோணம் என்பது ஏறத்தாழ 1/1719 ரேடியன்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் இணைகோடுகளை இழுங்கள். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர், இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்கட்டும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நகருங்கள். சூத்திரப்படி 1 மி.மீ. × 1719, அதாவது சுமார் 1.7 மீட்டர் தொலைவில் கோடுகள் மறைந்து, கட்டம் முழுவதும் சீரான சாம்பலாக வேண்டும். உங்கள் நண்பருக்கு ஒரு மீட்டரிலேயே மறைந்துவிட்டால், அவர் கண் டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். பகல் வெளிச்சத்தில் இச்சோதனையைச் செய்யுங்கள்; மங்கிய ஒளியில் எல்லார் கண்ணும் தோற்கும்.

எவ்வளவு கறுப்பு என்பதையும் கணக்கிடலாம். அரை மில்லிமீட்டர் கோடு, அரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால் தாளில் பாதி மையால் மூடப்பட்டிருக்கும். வெள்ளை 50 சதவீதம். இனி அதன்மேல் குறுக்காக அதே போன்ற இன்னொரு வரிசை கோடுகளை இழுத்தால் என்ன ஆகும்? பாதியும் பாதியும் சேர்ந்து முழுக் கறுப்பு என்று அவசரப்பட வேண்டாம். இரண்டாவது வரிசை, மிஞ்சியிருக்கும் வெள்ளையில் பாதியைத்தான் மூடும். மற்றது ஏற்கெனவே கறுப்பான இடத்தில் வீணாக விழும். எனவே எஞ்சும் வெள்ளை 1/2 × 1/2 = 1/4. கோடுகள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொண்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு வரிசையும் கால் பங்கை மட்டும் மூடுவதானால், இரு வரிசைக்குப் பின் வெள்ளை 3/4 × 3/4 = 9/16. நிகழ்தகவுப் பாடத்தில் நீங்கள் செய்யும் பெருக்கல்தான் இது. ஓவியர்கள் இதைக் கணக்குப் போட்டு வரைவதில்லை, கை அறிந்து வரைகிறார்கள். ஆனால் கை தவறுமிடத்தில் கணக்கு உதவும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அச்சில் வரவேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ பெரிதாக வரைந்து, புகைப்படமெடுக்கும்போது சுருக்கிக்கொள்வார்கள். பாதியாகச் சுருங்கும்போது கைநடுக்கமும் பாதியாகச் சுருங்கும். எனினும் இதில் ஒரு பொறி இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் கோடு 0.1 ஆகிவிடும், அமிலம் அதைத் தின்றுவிடலாம். நெருக்கமான இடைவெளிகளில் மை அடைத்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல பத்திரிகை ஓவியர் தம் தாளைப் பார்த்து வரைவதில்லை. அச்சாகி வரப்போகும் பக்கத்தை மனத்தில் பார்த்து வரைகிறார்.

இந்தக் காலத்தில் பிளாக் இல்லை, துத்தநாகம் இல்லை. கணினியில் வரைகிறார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்டதாக இருக்கவேண்டும் என்று அச்சகத்தில் கேட்பார்கள். 25.4 மி.மீ.-ஐ 300-ஆல் வகுத்தால் 0.085 மி.மீ. அந்த அளவுள்ள புள்ளி, புத்தகத்தை 29 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்துப் படிக்கும் கண்ணில் எவ்வளவு கோணத்தை உண்டாக்கும் என்று போட்டுப் பாருங்கள். அதே ஒரு நிமிடம்! யந்திரம் மாறிவிட்டது, கண் மாறவில்லை. கோட்டுப் படங்களுக்கு 600-க்குக் குறையாமல் கேட்பதற்கும் காரணம் உண்டு: சாய்கோட்டின் விளிம்பில் படிக்கட்டுப் போன்ற பிசிறைக் கண் எளிதில் பிடித்துவிடும்.

நிழல் அறிந்தவருக்கே மலை தெரிந்தது

நிழலிடத் தெரிவது அறிவியலில் எவ்வளவு பெரிய லாபம் என்பதற்கு ஓர் உதாரணம். 1609ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்து வரைந்தார். பகல்-இரவு எல்லைக்கோடு ஒழுங்கற்று வளைந்திருப்பது அவர் படத்தில் இருக்கிறது. ஆனால் அது ஏன் என்பது அதில் இல்லை. சில மாதங்கள் கழித்து இத்தாலியில் கலிலியோ பார்த்தார். அவர் ஓவியப் பயிற்சி உள்ளவர். ஒரு மேட்டின்மேல் பக்கவாட்டில் ஒளி விழுந்தால் நிழல் எப்படி விழும் என்பதைக் கையால் அறிந்தவர். எல்லைக்கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள் மின்னிய ஒளிப்புள்ளிகளை, விடியற்காலையில் முதல் வெயில் படும் மலைச்சிகரங்கள் என்று அவரால் உடனே கண்டுகொள்ள முடிந்தது. 1610-இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தப் படங்கள் இடம்பெற்றன.

சிகரத்தின் உயரத்தையும் அவர் கணக்கிட்டார். சந்திரனின் விட்டத்தை 2000 இத்தாலிய மைல் என்று கொண்டார், ஆரம் 1000. ஒளிப்புள்ளி எல்லைக்கோட்டிலிருந்து விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 100 மைல் தள்ளியிருந்தது. பித்தகோரஸ் தேற்றப்படி, 1000-இன் வர்க்கத்தையும் 100-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 1005. ஆக, சிகரம் தரைக்கு மேல் நான்கு மைலுக்கும் அதிகம். இதைச் செய்ய ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும். பார்க்கத்தான் ஓவியக் கண் வேண்டியிருந்தது.

இரு தமிழ் ஓவியர்கள்

நம் நாட்டுக்கு வருவோம். 'சில்பி' என்று பெயர் பெற்ற ஸ்ரீநிவாசன் 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் பயின்று, ஆனந்த விகடனில் சேர்ந்தார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடரில் அவர் வரைந்த கோயில் சிற்பங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கோயிலுக்கே சென்று, சிலையின் முன் அமர்ந்து வரைவது அவருடைய வழக்கம். கருங்கல் சிலையை வரைவதில் உள்ள சிரமத்தை எண்ணிப் பாருங்கள். கறுத்த கல் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்பும். மண்டபத்துக்குள் வெளிச்சமும் குறைவு. அந்த இருட்டிலிருந்து மேடு எது, பள்ளம் எது, ஆபரணத்தின் முத்து எது என்று பிரித்தெடுத்து, அச்சு யந்திரம் ஏற்கும் தனித்தனிக் கோடுகளாக அவர் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் விகடனில் பணியாற்றி, பிறகு அங்கிருந்து விலகிப் பல இதழ்களுக்கும் வரைந்தார். 1983-இல் காலமானார்.

கோபுலு தஞ்சாவூரில் 1924-இல் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளி மாணவர். இயற்பெயர் கோபாலன். அவருக்குக் 'கோபுலு' என்று பெயரிட்டவர் விகடனின் மூத்த ஓவியர் மாலி. அந்த மாலி அவருக்குக் கொடுத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, திருவையாற்றில் தியாகராஜர் வழிபட்ட ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வருவது. 1941ஆம் ஆண்டுத் தீபாவளி மலருக்காக அது வரையப்பட்டது. மாலி இளைஞனுக்கு அறிவுரை சொல்லி அனுப்பவில்லை, வேலை கொடுத்து அனுப்பினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1945-இல் கோபுலு விகடனில் நிரந்தரமாகச் சேர்ந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களில் நாகஸ்வரக்காரர் விரலும் தவில்காரர் தோளும் எப்படி இருக்கும் என்பதைக் காணலாம். தஞ்சைப் பக்கத்துத் திருவிழாக்களைச் சிறுவயதிலிருந்து பார்த்த கண் அது. பின்னர் விளம்பரத் துறைக்குச் சென்று, 1972-இல் சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனமும் தொடங்கினார். ஒரு பத்திரிகையின் மேசையை விட்டு வந்து, தம் பெயரை மட்டும் முதலாக வைத்து வேலை செய்தவர் என்ற வகையில் நம் மாணவனுக்கு இவர் நேர்முன்னோடி. முதுமையில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார். 2015-இல் மறைந்தார்.

பிளாக்கின் காலத்துக்கும் முன்னே சென்றால், அறிவியலுக்காகவே வரைந்த இருவர் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஆங்கிலக் கம்பெனி மருத்துவர் தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார். சில காலம் நாகப்பட்டினத்திலும் பணியாற்றினார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வந்த வைட்டின் நூலில் 2101 படங்கள் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் நடுவே கிளை. ஓரத்தில் பூவைப் பிரித்து, சூலகம், மகரந்தத்தூள் பை, விதை என்று உருப்பெருக்கிய பகுதிகள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். பிற்காலத்தில் அந்தப் பேரினம் வேறொன்றில் சேர்க்கப்பட்டுவிட்டது, படங்கள் இருக்கின்றன.

கேமரா வந்தபின்னும் பாடப்புத்தகத்தில் செடிகளை ஏன் வரைகிறார்கள் என்பதற்கு அந்தத் தாள்களே விடை. புகைப்படம் அந்த ஒரு செடியை, அதன் கிழிந்த இலையோடு காட்டும். ஓவியர் பத்துச் செடிகளைப் பார்த்து, அந்த இனத்துக்கு உரியதை மட்டும் வரைவார். எதை விடுவது என்று முடிவுசெய்வதற்குத்தான் அவருக்குக் கூலி.

மாணவனின் வேலைமுறை

இனி நம் மாணவன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்ப்போம். முதலாண்டு அவன் எந்த முறையும் இல்லாமல்தான் இருந்தான். 'மூடு' வந்தால் வரைவான். வராவிட்டால் கைப்பேசியில் பிறர் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரவு இரண்டு மணிக்கு வரைந்ததைக் காலையில் கிழிப்பான். அந்த ஆண்டிலேயே ஒரு பதிப்பாளர் முப்பது படங்களை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமலே இருந்துவிட்டார். வாய்ப்பேச்சாகவே எல்லாம் நடந்ததால் கேட்கவும் வழியில்லை. தந்தை ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். பட்டறையின் பில் புத்தகம் ஒன்றைப் புதிதாக எடுத்து அவன் மேசையில் வைத்தாராம்.

முறை உண்டானது அதன்பிறகுதான். ஒரு பாடம் கையில் வந்ததும் உடனே பென்சிலை எடுப்பதில்லை. இரண்டு மூன்று முறை படித்துவிட்டு, 'படிப்பவர் இதில் எதைப் பார்க்கவேண்டும்?' என்பதை ஒரே வாக்கியமாக எழுதுகிறான். அந்த வாக்கியம் வராவிட்டால் பாடம் புரியவில்லை என்று பொருள். என்னிடம் கேட்க வருவான். வாக்கியம் கிடைத்ததும் தீப்பெட்டி அளவில் எட்டுக் கட்டங்கள் போட்டு, எட்டு விதமாகக் கிறுக்குகிறான். முதலில் வரும் இரண்டு மூன்று கிறுக்கல்கள் எல்லாருக்கும் தோன்றுபவை. ஏற்கெனவே எங்கோ பார்த்தவை. ஆறாவது ஏழாவதில்தான் அவனுடையது வருகிறதாம். கட்டம் சிறிதாக இருப்பதில் ஒரு நன்மை: அழகுபடுத்த இடமில்லை, எனவே கருத்து இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஏழாம் வகுப்புக்குக் காற்றழுத்தம் பற்றிய படம் ஒன்று கேட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில், எதிர்பார்த்தபடி, ஓட்டோ வான் கெரிக்கின் உலோக அரைக்கோளங்களும் குதிரைகளும் வந்தன. அது 17ஆம் நூற்றாண்டு ஜெர்மனி. இரண்டாவதில் நசுங்கிய டின். ஆறாவது கட்டத்தில் தன் தந்தை வந்துவிட்டார்! காலையில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் சாதம் வைத்து மூடிய எவர்சில்வர் டிபன் பாக்ஸை மதியம் திறக்க முடியாமல், முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு அவர் போராடும் காட்சி. சுடுசோற்றின் நீராவி உள்ளேயிருந்த காற்றில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. ஆறியதும் நீராவி நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. மூடியின் விட்டம் 12 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூடியின்மேல் ஏறத்தாழ 11 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை உட்கார்ந்திருக்கும். குதிரைகள் தேவையில்லை.

கட்டத்தைத் தேர்ந்ததும் பொருளைத் தேடிப் போகிறான். டிபன் பாக்ஸை வரைய டிபன் பாக்ஸையே மேசைமேல் வைத்து, ஒரே விளக்கைப் பக்கவாட்டில் ஏற்றி வைத்துப் பார்க்கிறான். எவர்சில்வரில் நிழல் எதிர்பார்த்த இடத்தில் விழாது. சுற்றியுள்ளவை எல்லாம் அதில் பிரதிபலிக்கும். நினைவிலிருந்து வரைந்தால் அது எவர்சில்வராக இராது, ஈயப் பாத்திரமாகத்தான் இருக்கும். இதற்காக எப்போதும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் அவனிடம் இருக்கும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைக் காலையிலும் மாலையிலும் வரைந்திருக்கிறான். ஒரே குதிரை, இரண்டு வெவ்வேறு மிருகங்கள் போல் இருக்கிறது. காவிரிப் பாலத்திலிருந்து மலைக்கோட்டை, பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் முகங்கள் எல்லாம் அதில் உண்டு.

மை பூசுமுன் ஓர் இரவு ஆறப்போடுகிறான். காலையில் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் பென்சில் படத்தைக் காட்டி, "இதில் என்ன நடக்கிறது, பாப்பா?" என்று கேட்கிறான். "அந்த மாமா டப்பாவை உடைக்கிறாரு" என்று அவள் சொன்னதால், மூடியை இழுக்கும் கை திருத்தப்பட்டது. எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பெண்ணை நான் சிபாரிசு செய்வதுண்டு.

பணம், காகிதம், சட்டம்

பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று சில ஓவியர்கள் நினைக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. நம் மாணவன் ஒவ்வொரு படத்துக்கும் படிக்க, கிறுக்க, மை போட, திருத்த எவ்வளவு நேரமாயிற்று என்று குறித்துவைக்கிறான், அதிலிருந்துதான் விலை. திருத்தம் இரண்டு முறை வரை, அதற்குமேல் தனிக்கணக்கு. பாதி முன்பணம். எல்லாம் எழுத்தில்.

சட்டமும் எழுத்தைத்தான் கேட்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலம், கையொப்பத்தோடு நடக்கவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டில் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். மாதச் சம்பளத்துக்கு வரையும்போது, வேறு உடன்பாடு இல்லையென்றால், உரிமை முதலாளியுடையது. கேட்டு வாங்கும் படங்களில் சிலவற்றுக்கு வேறு விதியும் உண்டு. ஆகவே வேலை தொடங்குமுன்னே யாருக்கு எந்த உரிமை என்று எழுதிக்கொள்வது நல்லது. ஓவியர் காலமான பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்.

முறையாகப் பயில விரும்புபவர்களுக்கு, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. பிளஸ் டூ முடித்தபின் பட்டப்படிப்பில் சேரலாம். இயற்பியலோ தாவரவியலோ படித்துவிட்டு ஓவியத்துக்கு வருவதும் ஒரு வழி. அறிவியல் நூல்களுக்கு வரைகிறவர் பாடம் தெரிந்தவராக இருந்தால் ஒளிமையத்தில் கதிர் வளையாது.

சென்ற மாதம் அவனைப் பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். மாடியில் அவனுடைய அறை. கீழே லேத் ஓடும் சத்தம் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. வருமானம் இன்னும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் நிறைய, ஒரு மாதம் ஒன்றுமில்லை. சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது, கொதிகலனின் உட்புறம். தரையில் சுவரிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி ஒரு சாக்பீஸ் கோடு. சாப்பாட்டுக்கு அழைக்க வந்த தந்தை, யாரும் சொல்லாமலே அந்தக் கோட்டில் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பர்னருக்குப் பின்னாடி இருட்டு பத்தலையே. உள்ள போய்ப் பார்த்தவனுக்குத் தெரியும், அங்க கரி மாதிரி இருக்கும்" என்றார்.

பையன் பேனாவை எடுத்தான். அந்த மூலையில் ஏற்கெனவே இரண்டு வரிசை கோடுகள் இருந்தன. மூன்றாவது வரிசை சாய்வாக விழத் தொடங்கியது. 1/2 × 1/2 × 1/2. வெள்ளை எட்டில் ஒரு பங்கு.